பட்டாம்பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலை வறண்ட இலையுதிர் காட்டின் வழியே வளைந்து காவிரியை அடைகிறது. மழை பெய்து ஓய்ந்த புரட்டாசி, ஐப்பசி நாட்களில் அந்தச் சாலையோரத்தில் பட்டாம்பூச்சிகளுக்குக் குறைவில்லை. எருக்கஞ்செடியைச் சுற்றி வெந்தய வரியன் பறக்கும். ஆவாரையையும் கொன்றையையும் தேடி வெளிர்மஞ்சள் எமிகிரண்ட் வகைகள் வரும். உண்ணிச்செடிப் பூக்களில் கிரிம்சன் ரோஸ் படபடக்கும். வெட்டுக்காயப் பூண்டின் சின்னஞ்சிறு பூக்களில் நகத்தளவு நீலப் பூச்சிகள் உட்காரும். ஆற்றங்கரை ஈரமணலில் உப்புச்சத்தை உறிஞ்ச ஆண் பூச்சிகள் கூட்டமாக இறங்குவதும் உண்டு. இவற்றை நெருக்கமாகப் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம்?’ என்பதுதான். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது: சிறிய உயிர் என்றால் அதிக உருப்பெருக்கம் வேண்டும், அதிக உருப்பெருக்கம் என்றால் மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்று. ஒளியியலின் கணக்கையும் பூச்சியின் நடத்தையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த முடிவு நிற்காது. பட்டாம்பூச்சிப் படத்தைத் தீர்மானிப்பது முதலில் லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளி. எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்பதை அந்த இடைவெளியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

எவ்வளவு உருப்பெருக்கம் தேவை என்பதை முதலில் பார்ப்போம். சென்சாரில் விழும் பிம்பத்தின் நீளத்தைப் பொருளின் உண்மையான நீளத்தால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். 1:1 என்றால் பொருளும் பிம்பமும் ஒரே அளவு. முழு அளவுச் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. ஆக, 1:1-இல் அந்தக் கேமரா பார்க்கும் உலகம் ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. காமன் குரோ என்னும் கருப்புப் பட்டாம்பூச்சி இறகை விரித்தால் ஏறக்குறைய 90 மி.மீ.; 1:1-இல் அதன் ஒரு பக்க இறகே சட்டத்துக்குள் அடங்காது. அதை முழுதாக, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுப் படம் பிடிக்க முழு அளவுச் சென்சாரில் 0.3 மடங்கு போதும். பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 23 மி.மீ.யை ஒட்டியதால், அதில் 0.2 மடங்கே போதும். வெந்தய வரியன் 70 முதல் 80 மி.மீ. வரை இருக்கும். எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் வளரும் லைம் பட்டாம்பூச்சி அதைவிடப் பெரியது. இறகை மூடி உட்கார்ந்திருக்கும் நடுத்தரப் பூச்சி சட்டத்தை நிறைக்க 0.4 அல்லது 0.5 மடங்கு போதும். நம் பகுதியில் 1:1-ஐ உண்மையிலேயே கேட்பவை, இறகை விரித்தாலும் 15 முதல் 22 மி.மீ.க்கு மேல் போகாத கிராஸ் ஜுவல் போன்ற மிகச் சிறியவை மட்டுமே.

சட்டத்தை நிறைப்பது மட்டும் போதுமா, நுணுக்கம் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். அதற்கும் கணக்கு இருக்கிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 3.9 மைக்ரான். 60 மி.மீ. இறகு விரிப்புள்ள பூச்சியை வெறும் 0.24 மடங்கில் எடுத்தால் சென்சாரில் அதன் பிம்பம் 14.4 மி.மீ.; அதாவது சுமார் 3,700 பிக்சல். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் இந்தப் பூச்சி மட்டும் 31 செ.மீ. அகலத்துக்கு வரும். பட்டாம்பூச்சியின் இறகில் ஓடுபோல் அடுக்கியிருக்கும் செதில் ஒன்றின் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது; அந்த ஒற்றைச் செதிலே ஆறு பிக்சலை எடுத்துக்கொள்கிறது. நல்ல லென்ஸும் அசையாத பூச்சியும் அமைந்தால் கால் மடங்கு உருப்பெருக்கத்திலேயே செதில்களின் அடுக்கு தெரியத் தொடங்கும்.

இனி இடைவெளிக்கு வருவோம். லென்ஸ் நிறுவனங்கள் அச்சிடும் ‘மிகக் குறைந்த குவியத் தூரம்’ சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. கேனன் 100 மி.மீ. மேக்ரோவுக்கு அது 30 செ.மீ. லென்ஸின் நீளமும் கேமராவின் தடிமனும் போக, 1:1-இல் கண்ணாடிக்கும் பூச்சிக்கும் நடுவே மிஞ்சுவது 15 செ.மீ.க்கும் குறைவு. 60 மி.மீ. மேக்ரோக்களில் இது 10 செ.மீ.யைத் தொடாது. 180 மி.மீ. மேக்ரோவில் 24 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எளிய லென்ஸ் ஒன்றில் 1:1-இல் பொருளுக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரம் குவிய நீளத்தைப் போல நான்கு மடங்கு, 100 மி.மீ. லென்ஸுக்கு 40 செ.மீ. வரவேண்டும். 30 செ.மீ.தான் வருகிறதென்றால், உள்ளே கண்ணாடிகள் நகர்ந்து குவியப்படுத்தும்போது அந்த லென்ஸ் ஏறக்குறைய 75 மி.மீ. லென்ஸைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். பெட்டியில் உள்ள எண்ணை நம்பி வாங்குபவர் எதிர்பார்த்த இடைவெளியில் ஒரு பகுதியை அங்கேயே இழந்துவிடுகிறார். மறுபக்கம், 300 மி.மீ. எஃப்/4 டெலி லென்ஸ்கள் 1.4 அல்லது 1.5 மீட்டரில் குவியப்பட்டு 0.24 மடங்கு தருகின்றன. இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல். கேனன் 100-400 ஜூமின் இரண்டாம் பதிப்பு 98 செ.மீ.யில் 0.31 மடங்கு தருகிறது. இடைவெளி அரை மீட்டருக்கு மேல்.

இந்தச் சென்டிமீட்டர்கள் பூச்சிக்கு என்னவாகத் தெரிகின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண் நுணுக்கங்களைப் பிரித்துப் பார்ப்பதில் நம் கண்ணைவிட மிகவும் பின்தங்கியது. ஆனால் அசைவையும், பார்வையில் எதுவாவது வேகமாகப் பெரிதாவதையும் உணர்வதில் மிகக் கூர்மையானது. பறவையோ ஓணானோ பாய்ந்து வருவதன் அடையாளம் அந்தப் பெரிதாதல்தான். ஒரே வேகத்தில் நெருங்கும் ஒரே பொருள், பார்வையில் பெரிதாகும் வேகம் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும். அரை மீட்டரில் இருந்துகொண்டு கேமராவை ஓர் அங்குலம் முன்னே நகர்த்துவதைவிட, 15 செ.மீ.யில் அதே ஓர் அங்குலத்தை அதே வேகத்தில் நகர்த்துவது பூச்சியின் கண்ணுக்குச் சுமார் 11 மடங்கு கடுமையான எச்சரிக்கை. 1.2 மீட்டரோடு ஒப்பிட்டால் அது 64 மடங்கு. வெயில் மறைப்போடு சேர்ந்து 8 செ.மீ. விட்டம் வரும் லென்ஸ் முகப்பு, 15 செ.மீ.யில் பூச்சியின் பார்வையில் 30 பாகையை அடைத்துக்கொள்ளும்; அரை மீட்டரில் 9 பாகைதான். பூச்சியின் மேல் நிழல் விழும் வாய்ப்பும் அதே கணக்கில் ஏறி இறங்கும். மேக்ரோ லென்ஸோடு போய் வெறுங்கையோடு திரும்புபவர்கள் பொறுமை போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்வதுண்டு. பொறுமை உதவும்தான். ஆனால் 64 மடங்கு வித்தியாசத்தைப் பொறுமையால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

மேக்ரோ லென்ஸ் எதற்காகப் பிறந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நிக்கான் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட 50 மி.மீ. மைக்ரோ-நிக்கார், நுணுக்கமான கோடுகள் நிறைந்த ஜப்பானிய எழுத்தில் அமைந்த ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் பதிவதற்காக உருவானது. தட்டையான, அசையாத, ஓடிப்போகாத காகிதம் அதன் இலக்கு. ஓரம்வரை ஒரே கூர்மை, வளையாத நேர்கோடுகள், நிறப்பிசிறு இல்லாத பிம்பம் ஆகிய மேக்ரோ லென்ஸின் பெருமைகள் எல்லாம் அந்தத் தேவையிலிருந்து வந்தவை. அவை இன்றும் உண்மையான பெருமைகள்தான். நாணயம், தபால்தலை, இலை நரம்பு, அருங்காட்சியகத்தில் ஊசி குத்திய பூச்சி ஆகியவற்றுக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. உயிரோடிருந்து பறக்க முடிந்த ஒன்றை அந்தப் பட்டியலில் சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

டெலி லென்ஸுக்கு எதிராக முதலில் சொல்லப்படும் குறை, அதில் புல ஆழம் மிகக் குறைவு, இறகின் ஒரு பகுதி மட்டுமே தெளிவாக வரும் என்பது. இது பரவலாக நம்பப்படும் தவறு. நெருக்கப் படங்களில் புல ஆழம் என்னும் தெளிவான அடுக்கின் தடிமனை உருப்பெருக்கமும் துளை அளவுமே தீர்மானிக்கின்றன. குவிய நீளத்துக்கு அதில் குறிப்பிடத்தக்க பங்கில்லை. முழு அளவுச் சென்சாரில், அரை மடங்கு உருப்பெருக்கத்தில், எஃப்/11-இல் கிடைப்பது ஏறக்குறைய 4 மி.மீ.; அது 60 மி.மீ. லென்ஸானாலும் 200 மி.மீ. லென்ஸானாலும் ஒன்றுதான். 1:1-க்குப் போனால் எஃப்/8-இல் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டரை எட்டாது. துளையை இன்னும் சுருக்கித் தப்பித்துவிடவும் முடியாது. 1:1-இல் எஃப்/16 என்று வைத்தால் அது நடைமுறையில் எஃப்/32 ஆகிவிடும். அந்த நிலையில் ஒளியின் விளிம்பு வளைவால் ஒவ்வொரு புள்ளியும் 43 மைக்ரான் அகலமுள்ள வட்டமாகப் பரவும். தெளிவு எனப் பொதுவாக ஏற்கப்படும் 30 மைக்ரானையும் அது தாண்டிவிடுகிறது. ஆழம் கூடுகிறது, ஆனால் படம் முழுவதும் ஒரே சீராக மங்குகிறது. புல ஆழத்தைக் கெடுப்பது லென்ஸின் நீளம் இல்லை, தேவைக்கு மேல் கேட்கும் உருப்பெருக்கம்தான்.

இடைவெளி கூடினால் அந்த 4 மில்லிமீட்டரை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவும் முடிகிறது. மூடிய இறகு ஏறக்குறைய ஒரு தட்டையான பரப்பு. சென்சார் அதற்கு இணையாக நின்றால் இறகு முழுவதும் தெளிவாக வரும். சாய்ந்தால் ஒரு முனை மங்கும். கையில் கேமராவைப் பிடித்திருப்பவர் சரியான இடத்திலிருந்து 2 செ.மீ. பக்கவாட்டில் விலகி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. தூரத்தில் அந்த விலகல் கிட்டத்தட்ட 4 பாகைச் சாய்வு, 40 மி.மீ. இறகின் இரு முனைகளுக்கும் நடுவே 2.7 மி.மீ. ஆழ வேறுபாட்டை அது உண்டாக்கும். கையிலிருக்கும் 4 மி.மீ.யில் பெரும்பகுதி அதிலேயே செலவாகிவிடும். உடலுக்கும் உணர்கொம்புக்கும் மிச்சமிருக்காது. அதே 2 செ.மீ. விலகல் ஒன்றரை மீட்டரில் ஒரு பாகைக்கும் குறைவு; ஆழ வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான். கைநடுக்கமும் நிற்கும் நிலையின் பிழையும் எல்லோருக்கும் உண்டு. தூரம் அவற்றை மன்னிக்கிறது.

பின்புலத்தின் கதையும் இதேதான். அரை மடங்கு உருப்பெருக்கத்தில் முழு அளவுச் சென்சார் பூச்சி இருக்கும் இடத்தில் 72 மி.மீ. அகலத்தைப் பார்க்கிறது. பூச்சிக்கு ஒரு மீட்டர் பின்னால் எவ்வளவு அகலம் சட்டத்துக்குள் வருகிறது? குவிய நீளம் மாறாத 50 மி.மீ. லென்ஸில் 55 செ.மீ., 100 மி.மீ.யில் 31 செ.மீ., 300 மி.மீ.யில் 15 செ.மீ. மட்டுமே. முள்ளும் சருகும் காய்ந்த புல்லும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் தருமபுரிப் புதர்க்காட்டில் இந்த வேறுபாடு பெரிது. 15 செ.மீ. அகலத்துக்கு ஒரே நிறமான பின்புலத்தை, தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே கண்டுபிடித்துவிடலாம். 55 செ.மீ.க்குள் வெள்ளையாக மின்னும் ஒரு குச்சியாவது இல்லாமல் இருப்பது அரிது.

அப்படியென்றால் எல்லோரும் 300 மி.மீ. எஃப்/4 வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை, அவை விலை உயர்ந்தவை. நம்மில் பலரிடம் ஏற்கெனவே இருப்பது 70-300 அல்லது 55-250 வகை ஜூம். அதன் முகப்பில் திருகும் 2 டையாப்டர் குளோஸ்-அப் லென்ஸ் ஒன்று போதும். 2 டையாப்டர் என்றால் அந்தக் கண்ணாடியின் குவிய நீளம் 500 மி.மீ. ஜூமை முடிவிலியில் குவியப்படுத்திவிட்டால், முகப்பிலிருந்து சரியாக அரை மீட்டர் தூரத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும். அப்போது உருப்பெருக்கம், ஜூமின் குவிய நீளத்தை 500-ஆல் வகுத்தது. 100 மி.மீ.யில் 0.2 மடங்கு, 300 மி.மீ.யில் 0.6 மடங்கு. ஏபிஎஸ்-சி கேமராவில் இதன் பொருள், நின்ற இடத்தைவிட்டு நகராமல், அரை மீட்டர் தூரத்திலேயே இருந்துகொண்டு, காமன் குரோ முழுதாக அடங்கும் 117 மி.மீ. அகலத்திலிருந்து 39 மி.மீ. அகலம் வரை ஜூம் வளையத்தைத் திருப்பியே போய்வரலாம் என்பது. மேக்ரோ லென்ஸில் இந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்த நகர்வுதான் பூச்சியைக் கிளப்பிவிடுகிறது. கேனன் 500டி போன்ற, இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வகையைத்தான் வாங்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவானவை டெலி லென்ஸோடு சேரும்போது விளிம்புகளில் ஊதாவும் பச்சையுமாகப் பிசிறடிக்கும். இதன் குறை, குவியப்படுத்தும் எல்லை குறுகலானது: ஒன்றரை மீட்டர் வரை நெருங்கக்கூடிய ஜூமில் இதைப் பூட்டினால் ஏறக்குறைய 37 முதல் 50 செ.மீ. வரை மட்டுமே தெளிவு. அதற்கு அப்பால் உட்கார்ந்த பூச்சியை எடுக்க, கண்ணாடியைக் கழற்ற வேண்டும். பழகிக்கொள்ளக்கூடிய குறைதான்.

நீட்டுக்குழாய்களும் ஒரு வழி. குழாயின் நீளத்தைக் குவிய நீளத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் அரை மடங்கைத் தரும். ஆனால் இடைவெளி பறிபோகும். அதே குழாய் 300 மி.மீ.யில் 0.08 மடங்கை மட்டுமே சேர்க்கும். 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் இடைவெளியைத் தொடாமல் 0.24-ஐ 0.34 ஆக்கும், விலையாக ஒரு படி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். கையிலிருக்கும் நல்ல டெலி லென்ஸை மெருகேற்ற இவை பயன்படும். முதலில் வாங்க வேண்டியவை அல்ல.

இனி வலுவான மறுப்புகள். முதலாவது, கைநடுக்கம். டெலி லென்ஸில் கேமராவின் கோண அசைவு பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் நெருக்கப் படத்தில் இன்னொரு அசைவும் உண்டு: கேமரா மேலும் கீழும் பக்கவாட்டிலும் முழுதாக நகர்வது. அது உருப்பெருக்கத்தோடு நேராகக் கூடும். கோண அசைவை மட்டும் திருத்தும் நிலைநிறுத்திகள் 1:1-இல் பயனற்றுப்போனதால்தான், இரண்டையும் திருத்தும் கலப்பு நிலைநிறுத்தியைக் கேனன் 2009-இல் தன் 100 மி.மீ. மேக்ரோவில் கொண்டுவந்தது. இவை இரண்டையும்விடப் பெரிய எதிரி காற்று. பூ நொடிக்கு 5 செ.மீ. ஆடினால், அரை மடங்கில் பிம்பம் நொடிக்கு 25 மி.மீ. ஓடும். அதை 30 மைக்ரானுக்குள் நிறுத்த 1/800 நொடி வேண்டும், எந்த லென்ஸாக இருந்தாலும். நம் ஊர் வெயிலில் ஐஎஸ்ஓ 400-இல் எஃப்/11-க்குக் கிடைப்பதும் அதே 1/800தான். காற்றுக்காக வைக்கும் அந்த வேகம், ஒற்றைக்கால் தாங்கியின் துணையோடு, டெலி லென்ஸின் நடுக்கத்தையும் அடக்கிவிடுகிறது. நிழலில் இந்தக் கணக்கு செல்லாது. புளியமரத்தடியில், சருகோடு சருகாக உட்காரும் ஈவினிங் பிரவுன் போன்றவற்றுக்கு ஃபிளாஷ் வேண்டும். ஒளியின் வலிமை தூரத்தின் வர்க்கத்தில் குறைவதால், அருகிலிருந்து பரவலாக ஒளி பாய்ச்ச முடிகிற மேக்ரோ அமைப்பு அங்கே வெல்கிறது. இதை மறுக்க வழியில்லை.

இரண்டாவது மறுப்பு சிறிய நீலப் பூச்சிகளைப் பற்றியது. இதிலும் எதிர்த்தரப்பின் பக்கம் நியாயம் இருக்கிறது. பேல் கிராஸ் புளூ, லெஸ்ஸர் கிராஸ் புளூ, டைனி கிராஸ் புளூ ஆகியவற்றைப் பிரித்தறிய இறகின் அடிப்பக்கப் புள்ளிகளின் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். மொத்தப் பூச்சியே ஒரு சென்டிமீட்டர் உயரம் என்னும்போது கால் மடங்கு போதாது, 0.6-உம் கூடுதலும் வேண்டும். நீண்ட மேக்ரோவுக்கான நியாயமான இடம் இதுதான், வாங்குவதானால் 60 மி.மீ.யைத் தவிர்த்து 100-க்குக் குறையாமல், முடிந்தால் 150 அல்லது 180 மி.மீ. வாங்க வேண்டும். ஆனாலும் இந்தச் சின்னஞ்சிறியவையே நெருங்கவிடுவதில் சற்றுத் தாராளமானவை. தாழப் பறந்து சில அடி தள்ளி மறுபடி உட்காரும். வெந்தய வரியன், காமன் குரோ போன்ற பெரிய டானைடுகளும் எமிகிரண்டுகளும் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

மூன்றாவது, விடியற்காலை உத்தி. பட்டாம்பூச்சியின் பறப்புத் தசைகள் நன்றாக இயங்க உடல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏற வேண்டும். மார்கழிக் குளிரில், வெயில் ஏறும்வரை அது பறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். முக்காலியும் மேக்ரோவும் கொண்டு, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கினால் இணையற்ற தெளிவு கிடைக்கும். ஐரோப்பாவின் பனிபடர்ந்த புல்வெளிகளில் எடுக்கப்படும் புகழ்பெற்ற படங்கள் பல இப்படி வந்தவை. நம் காட்டில் இதற்கு இரண்டு தடைகள். தூங்கும் பூச்சி இலையடியில் இறகை மூடித் தொங்கும். இனத்தையும் பாலினத்தையும் சொல்லும் மேல்பக்கம் தெரியாது. இரண்டாவது தடை இன்னும் முக்கியமானது: ஒகேனக்கல் காடுகள் யானைகள் நடமாடும் காடுகள். விடியற்காலையில் சாலையோரப் புதருக்குள் மண்டியிட்டு, கண்ணைக் கேமராவில் புதைத்துக்கொண்டு இருப்பது அங்கே விவேகமில்லை. பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கிப் படமெடுக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அது படமெடுப்பதே இல்லை, உயிரை வதைப்பது.

கைப்பேசியையும் சொல்லிவிட வேண்டும். பல விலையுயர்ந்த கைப்பேசிகளின் மேக்ரோ வசதி அகலக்கோண லென்ஸை 2 செ.மீ. வரை நெருங்கவைத்துக் கிடைப்பது. மேலே சொன்ன எல்லாக் கணக்கின்படியும் பட்டாம்பூச்சிக்கு அதைவிடப் பொருந்தாத அமைப்பு இல்லை. புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் முட்டைக்கும் அது நன்றாகவே உதவும். பறக்கும் பூச்சிக்கு, கைப்பேசியின் டெலி லென்ஸில் தள்ளி நின்று எடுப்பதே மேல். நீண்ட ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராக்கள் சிறிய சென்சாரோடும் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து அடையாளம் காணத்தக்க படம் தருகின்றன. மாணவர்களுக்கு நான் பரிந்துரைக்க விரும்புவது அவற்றைத்தான்.

அடையாளம் காணத்தக்க படம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். வெந்தய வரியனைப் போலவே வேடமிட்டிருக்கும் டனெயிட் எக்ஃபிளை பெண் பூச்சியைப் பிரித்துக்காட்டுவது, பின்இறகின் மேல் விளிம்பில் உள்ள ஒற்றைக் கரும்புள்ளி. காமன் ரோஸின் நச்சு வேடத்தைப் பூண்ட காமன் மார்மன் பெண்ணைக் காட்டிக்கொடுப்பது, சிவப்பில்லாத கரிய உடல். காமன் குரோவையும் டபுள்-பிராண்டட் குரோவையும் பிரிக்க ஆண் பூச்சியின் முன்இறகு மேல்பக்கத்தில் இரட்டை வடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் கண்ணின் முகப்புகளை எண்ணும் 1:1 படத்தில் தெரிவதில்லை. முழு இறகும் உடலும் ஒருசேரத் தெளிவாக இருக்கும் 0.3 மடங்குப் படத்தில் தெரிகின்றன. குரோ, டைகர் வகைகள் ஏப்ரல் முதல் ஜூன் வரை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் வந்து, அக்டோபர், நவம்பரில் திரும்பிச் செல்லும் வலசைப் பூச்சிகள். எந்த நாளில், எந்த இனம், இறகு புதிதா தேய்ந்ததா என்பதைக் காட்டும் படங்கள் அந்தப் பயணத்தை அறிய நேரடியான சான்றுகள்.

இடமும் இதே முடிவைத்தான் வற்புறுத்துகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கி.மீ. பரப்பு 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்கக் கூடாது. சாலையோரத்தில் நின்றபடி எதை எட்ட முடிகிறதோ அதுவே நமக்குக் கிடைக்கும் படம். செடியை வளைக்காமல், புல்லை மிதிக்காமல், உப்பு உறிஞ்சும் கூட்டத்தைக் கலைக்காமல் எடுக்கவும் அந்தத் தூரம் வேண்டும்.

ஆகவே, ஜூம் லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மேக்ரோவுக்குப் பணம் சேர்ப்பவர், முதலில் அந்த ஜூமின் முகப்பு விட்டத்துக்குப் பொருந்தும் 2 டையாப்டர் இரட்டைக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பார்க்கட்டும். மேக்ரோ, நீலப் பூச்சிகளிடம் மனம் நிலைத்த பிறகு வரலாம். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரும் இந்தியா முழுவதும் பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் எவரும் பதிவிடலாம். பென்னாகரத்தில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் தேதியையும் இடத்தையும் சேர்த்துப் பதிவிடுங்கள். முடிந்தால் இறகின் இரு பக்கங்களையும் எடுங்கள்.